வாய் வழியாகப் போகாத மருந்து

மார்ச் 12, செவ்வாய்

வெயில். மழை கண்டு ஒன்பது நாள். நோன்பு முதல் நாள் என்பதால் எதிர்வரிசை காதர் பாய் உணவகம் பகலில் அடைப்பு. காலைத் தேநீர் வீட்டிலேயே. சுமார்.

மனைவி தனத்தோடு ஹார்மோன் கிளினிக். எண் 41. இரண்டரை மணி நேரக் காத்திருப்பு. அவள் குறுக்கெழுத்துப் போட்டி இரண்டு முடித்தாள். நான் சுவர்ப் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வந்திருப்பதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். கேட்பவர்களிடம் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி சொல்கிறேன். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல இரண்டு சுரப்பிகள். காய்ச்சலோ அடியோ அலைச்சலோ, உடம்பு எதையும் தாங்குவதற்கு வேண்டிய கார்டிசால் அங்கேதான் சுரக்கிறது. தனத்துக்கு இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. அடிசன் நோய். ஆயுள் முழுக்க மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை. மாத்திரை உள்ளே தங்காத நாளில், வாந்தி, மயக்கம் வந்தால், தொடையில் ஊசி. உடனே. இல்லையென்றால் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். எங்கேயும் நிற்காது.

டாக்டர்: "ரொம்ப அபூர்வமான கேஸ்."

தனம்: "இவர்கிட்ட சொல்லுங்க டாக்டர். முப்பத்தஞ்சு வருஷமா சொல்றேன், நம்ப மாட்டேங்கறாரு."

பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்க அனுமதி கிடைத்துவிட்டது. மகள் விபத்தில் பிழைத்தபோது பன்னிரண்டு வருடம் என்று நேர்ந்துகொண்டது. இது பன்னிரண்டாவது. டாக்டரின் நிபந்தனைகள்: அன்று காலை 5.30க்கு மாத்திரை ஒன்றுக்கு இரண்டு. வழியெல்லாம் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். குடை. ஊசிப் பெட்டி கையில்.

"கையிலன்னா கையில, அங்கிள். காருக்குள்ள இல்ல." இது சிஸ்டர் பவானி. தனத்துக்கு எல்லா நர்ஸும் 'மிஸ்ஸி'தான்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிப்ரவரியில், சீனப் பெருநாளுக்கு முதல் நாள் மாலை, தனம் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். நான் கிளினிக்குக்குப் போன் செய்தேன், மூடியிருந்தது. மகளுக்குப் போன் செய்தேன். கிளினிக்கில் கொடுத்த குறிப்புத் தாளை இரண்டு தடவை படித்தேன். வாந்தி எடுத்த நேரங்களைக் குறித்துக்கொண்டேன். ஐம்பது நிமிடம். ஆம்புலன்ஸ் வந்தபோது பெட்டி என் மடியில், திறக்காமல். அவளுக்கு ரத்த அழுத்தம் எழுபதுக்கு வந்திருந்தது.

பவானி இன்று மறுபடியும்: "சந்தேகமா இருந்தா போட்டுடுங்க அங்கிள். தேவையில்லாம ஒரு ஊசி போட்டா ஒண்ணும் ஆகாது. தேவைப்படும்போது போடலன்னாதான்."

நாற்பது வருடமாகப் பத்திரிகையில் எனக்குச் சொல்லப்பட்டதும், புதிதாக வந்தவர்களிடம் நான் சொன்னதும் இதற்கு நேர் எதிர். இரண்டு இடத்தில் விசாரிக்காமல் அச்சுக்குக் கொடுக்காதே.

பழகுவதற்குக் காலாவதியான குப்பி ஐந்து, ஊசி ஐந்து கொடுத்தார்கள். பாசாரில் கோழித்தொடை வாங்கிப் பழகச் சொன்னார். தோல், சதை எல்லாம் ஏறக்குறைய மனிதத் தொடை மாதிரியாம்.

தனம்: "விரதம் மிஸ்ஸி. உத்திரம் முடியிற வரைக்கும் வீட்டுக்குள்ள கோழி வராது."

பவானி: "அப்ப உத்திரம் முடிஞ்சி பழகட்டும்."

"முடிஞ்சி பழகி என்ன லா பண்றது?"

பவானி குப்பிகளைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்.


மார்ச் 13, புதன்

வெயில். மதியம் 35 டிகிரி என்றது வானொலி.

கோழிக்குப் பதில் கத்தரிக்காய். வெள்ளைத்தூள் உள்ள குப்பியில் தண்ணீரை ஏற்ற வேண்டும், சுழற்றிக் கரைக்க வேண்டும், திரும்ப உறிஞ்ச வேண்டும், காற்றுக்குமிழை வெளியேற்ற வேண்டும். முதல் தடவை ஆறு நிமிடம். கை வழுக்கியதில் கத்தரிக்காய் மேசையிலிருந்து உருண்டது.

தனம் அடுக்களையிலிருந்து: "கத்தரிக்காய்க்கு என்ன காய்ச்சலா? பேசி சமாதானப்படுத்திட்டுப் போடுங்க."

இரவுச் சாம்பாரில் அதைப் போட மறுத்துவிட்டாள். குப்பைக்குப் போனது.


மார்ச் 15, வெள்ளி

கொம்யூட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ், பத்திரிகை அலுவலகம். ரயில் 20 நிமிடம் தாமதம். வாரத்தில் இரண்டு நாள்தான் அலுவலகம் இப்போது.

செய்தி ஆசிரியர்: "அண்ணே, உத்திரம் கிள்ளான் பக்கம் நீங்களே பார்த்துக்குங்க. வழக்கம்போல."

இந்த வருடம் முடியாது என்றேன். ஏன் என்றார். மனைவியோடு நடக்கிறேன் என்றேன். வேறு ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்.

பதினோரு வருடம் அவள் பால்குடம் எடுத்தாள். பதினோரு வருடமும் நான் அதே ஊர்வலத்தில் இருந்தேன். முன்னால், பின்பக்கமாக நடந்துகொண்டு, தலைவர் பேட்டி, கூட்ட எண்ணிக்கை, போக்குவரத்து. ஒரு தடவையும் பக்கத்தில் இல்லை.

மதியம் பழைய படங்களைத் தேடினேன். மூன்று வருடங்களின் உத்திரப் படங்களில் ஓரத்தில் தனம் இருக்கிறாள். வரிசையாக வைத்துப் பார்த்தேன். முகம் கறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. கடைசிப் படத்தில் குடத்தைப் பிடித்த விரல்களின் மடிப்புகூட மை தடவினாற்போல. நோயின் முதல் அடையாளமே அதுதான் என்று டாக்டர் சொன்னார். வெயில் என்று நான் சொல்லியிருந்தேன். அவள் அக்கா ஒரு வெள்ளையாக்கும் கிரீம் வாங்கிக் கொடுத்தாள். உப்பு நார்த்தங்காயைப் புட்டி புட்டியாக அவள் தின்றதைப் பார்த்து, இந்த வயதில் மசக்கையா என்று கேலி செய்தேன். அதுவும் அடையாளம். உடம்பு உப்புக்கு அலைந்திருக்கிறது.

படங்களுக்குக் கீழே என் பெயர். விளக்கம்: 'பக்தர்களில் ஒரு பகுதியினர்.'


மார்ச் 16, சனி

கோழி கிடைத்துவிட்டது.

காதர் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். "அண்ணே, இதுக்கா யோசிச்சீங்க? நான் அசர் தொழுதுட்டு வந்திடுவேன், அஞ்சு மணிக்கு வாங்க. நோன்பு திறக்கிறதுக்கு அறுபது தொடை வெட்டி வச்சிருப்பேன். எத்தனைக்கு வேணும்னாலும் ஊசி போடுங்க. ஆனா போட்டதைத் தனியா வச்சிடுங்க. கஸ்டமருக்கு ஹார்மோன் கூடிடப் போவுது."

பாயின் பின்கட்டு. பெரிய எவர்சில்வர் தட்டு, நான்கு தொடைகள். இறைச்சிக்காக அவரிடமே காசு கொடுக்கப் போனேன், முறைத்தார். நாள் முழுக்கப் பச்சைத்தண்ணீர் பல்லில் படாத மனிதர் பிரியாணிச் சட்டியைக் கிளறிக்கொண்டே எனக்குக் கட்டளையிட்டார். "நேரா புடிங்கண்ணே. பேனா மாதிரி புடிக்காதீங்க. எழுதவா போறீங்க?"

முதல் தொடை: சாய்ந்து போனது. இரண்டாவது: எலும்பில் தட்டியது. மூன்றாவது: நேராக, முழுசாக. நான்காவது: கரைப்பது முதல் குத்துவது வரை இரண்டு நிமிடம் பத்து வினாடி.

பாய்: "அந்தக் கோழி எந்திரிச்சி நடந்தாலும் நடக்கும்."

தனம் சுவாமி அறைக்குப் பூ வாங்கிவிட்டு அந்த வழியாக வந்தவள் பின்கட்டு வாசலிலேயே நின்றாள். இறைச்சி இருக்கும் இடத்துக்குள் வரமாட்டாள். அங்கிருந்தே பாயிடம் பேசினாள்.

"பாய், உங்களுக்குச் சீனி வியாதி இருக்குல்ல, நோன்புல மாத்திரைக்கு என்ன பண்றீங்க?"

"டாக்டர் மாத்திக் கொடுத்தாரும்மா. விடியறதுக்கு முன்ன சஹருக்கு ஒண்ணு, நோன்பு திறந்த பிறகு ஒண்ணு. நாமளா மாத்திக்கக்கூடாது."

"நடுவுல ஊசி போட வேண்டி வந்தா?"

"போடலாம். இந்த மாதிரி மருந்து ஊசி நோன்பை முறிக்காதுன்னு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லுவாரு. வாய் வழியா போறதுதான் கணக்கு."

"ஊசி முறிக்காது?"

"முறிக்காது."

இரண்டு முறை கேட்டாள். ஏன் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. கை முழுக்கக் கோழி.


மார்ச் 20, புதன்

மழை! மாலை 4.10 முதல் 4.45 வரை. துணி எல்லாம் நனைந்தது.

மின்கட்டணம். தனத்தின் செருப்புக்கு வார். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆறு.

கோவிலில் பால்குடத்துக்குப் பெயர் பதிந்தோம். நானே குருக்களிடம் கேட்டேன். பால் ஊற்றுவதற்கு முன் மாத்திரை போடலாமா, தண்ணீர் குடிக்கலாமா?

"தாராளமா. மருந்து விரதத்துல சேராதும்மா. உடம்புதான் முதல் கோவில்."

"சரிங்க சாமி" என்றாள். உடனே. தனம் எதையும் உடனே ஒப்புக்கொள்பவள் அல்ல. கத்தரிக்காய் வாங்கினாலே ஐந்து நிமிட வாக்குவாதம். எனக்கு நிம்மதியாக இருந்ததால் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.


மார்ச் 24, ஞாயிறு

வெயில், புழுக்கம். நாளைக்கு உத்திரம்.

பெட்டியை மூன்று தடவை சரிபார்த்தேன். குப்பி 2, தண்ணீர் 2, ஊசி 3, பஞ்சு, நோய் அட்டை. எல்லாம் என் நோட்டுப் புத்தகப் பையின் முன்பக்க உறையில்.

மஞ்சள் புடவைக்கு இஸ்திரி போட்டேன். கரை கொஞ்சம் சுருங்கிவிட்டது. தனம் அதை இழுத்து நீவிவிட்டாள்.

மாலை, விளக்கேற்றிய பிறகு, "உங்க சிவப்புப் பேனா கொடுங்க" என்றாள். கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, வலது தொடையின் வெளிப்பக்கம், நடுவில், ஐம்பது காசு அளவுக்கு ஒரு வட்டம் வரைந்தாள். ஊதிக் காயவைத்தாள்.

"இங்கதான். அங்க வந்து தேடிக்கிட்டு நிக்காதீங்க."

"நாளைக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகாது. சும்மா, ஒரு இதுக்கு."

எழுத்துப்பிழை திருத்துவதைத் தவிர அந்தப் பேனாவால் நான் வேறொன்றும் செய்ததில்லை. வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அவள் புடவையை இறக்கி மூடிக்கொண்டாள். "போதும், மனப்பாடம் ஆகியிருக்கும்."


மார்ச் 25, திங்கள்

இரவு 7 மணி. மருத்துவமனை, வார்டுக்கு வெளியே நாற்காலி. வரிசையாக எழுதுகிறேன்.

கா. 5.30. குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது மாத்திரைப் பெட்டியில் திங்கள் காலை அறை காலி. "போட்டாச்சா?" "போட்டாச்சு."

கா. 7.40. ஆற்றோரச் சிறு கோவிலிலிருந்து ஊர்வலம். தனம் தலையில் குடம். நான் வலப்பக்கம், ஒரு கையில் குடை, ஒரு கையில் தண்ணீர்ப் புட்டி, தோளில் பை. எதிரே எங்கள் பத்திரிகையிலிருந்து புதிதாக வந்த நிருபர் பின்பக்கமாக நடந்தபடி. எனக்குக் கையசைத்தார். பக்கத்திலிருந்து பார்த்தால் ஊர்வலம் வேறு மாதிரி இருக்கிறது. கூட்டம் தெரிவதில்லை. ஒரு முகம், ஒரு கழுத்து, அதில் ஓடும் வியர்வை.

மூன்று தடவை புட்டியை நீட்டினேன். மூன்று தடவையும் வாயருகே கொண்டுபோனாள். புட்டியில் தண்ணீர் குறையவில்லை. இதை அப்போது நான் பார்க்கவில்லை. இப்போது, காலியாகாத புட்டி பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது பார்க்கிறேன்.

கா. 9.15. கோவில் வாசலில் தேக்கம். நாற்பது நிமிடம் வெயில்.

கா. 9.58. பால் ஊற்றினாள். அபிஷேகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

கா. 10.05. வெளி மண்டபத் தூணில் சாய்ந்தாள். கை சில்லென்று இருந்தது. வாந்தி. வெறும் நுரை. பிறகு சரிந்து உட்கார்ந்தாள், தலை தொங்கியது, உடம்பு ஆடத் தொடங்கியது.

சுற்றி இருந்தவர்கள் விலகிக் கைகூப்பினார்கள். "அருள் வந்திருக்கு! தொடாதீங்க!" ஓர் அம்மாள் விபூதித் தட்டோடு ஓடிவந்தார். "கேளுங்க, என்ன வேணும்னு சாமிகிட்ட கேளுங்க!"

"அருள் இல்லம்மா. ஹார்மோன்" என்றேன். யாருக்கும் புரியவில்லை.

இன்னொருவர்: "வெயில் மயக்கம் லா அங்கிள். ஜூஸ் கொடுங்க, சரியாயிடும்."

குனிந்து, "காலையில மாத்திரை போட்டியா?" என்றேன். "போட்டேன்" என்றாள். உதடு மட்டும்.

பெட்டியின் அறை காலி. அவள் வாயாலும் சொல்லிவிட்டாள். இரண்டு இடத்தில் விசாரித்தாகிவிட்டது. இரண்டும் ஒரே பதில். மாத்திரை உள்ளே இருக்கிறது, அப்படியானால் இது வெயில், அப்படியானால் ஜூஸ், கொஞ்சம் பொறுக்கலாம். நாற்பது வருடப் பழக்கம் அப்படித்தான் சொன்னது.

அவள் கையை மறுபடி பிடித்தேன். பிப்ரவரியில் இதே கை, இதே குளிர்.

பையைத் திறந்தேன். தண்ணீர் ஏற்றினேன். சுழற்றினேன். உறிஞ்சினேன். விபூதி அம்மாள், "ஐயோ, சாமி வந்த உடம்புல ஊசி குத்துறாரே!" என்று கத்தினார். யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அந்தப் புது நிருபர்தான் குறுக்கே நின்று, "எங்க அண்ணன், அவருக்குத் தெரியும், விடுங்க" என்றார். எனக்குத் தெரியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

புடவைக்கு மேலாகவே. வலது தொடை, வெளிப்பக்கம், நடுவில். நேராக, முழுசாக.

கா. 10.09. பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன்.

கா. 10.25க்குள் கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். "குடை எங்க?" என்றாள். குடை எங்கே போனது என்று இப்போதும் தெரியவில்லை.

அவசரப் பிரிவு டாக்டர் அட்டையைப் படித்துவிட்டு, யார் ஊசி போட்டது என்றார். நான் என்றேன். "குட்" என்றார். ஒரே சொல். அவர் போன பிறகு பெட்டியில் மிச்சம் இருந்ததை மூன்று தடவை எண்ணினேன்.

மாலை, தனத்துக்கு உடை மாற்றிவிடும்போது நர்ஸ் சிரித்தார். சிவப்பு வட்டம் அழியாமல் இருந்தது. ஊசிப் புள்ளி வட்டத்துக்கு ஒரு விரற்கடை வெளியே.


மார்ச் 26, செவ்வாய்

மேகமூட்டம். தனம் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். ரத்த அழுத்தம் 118.

எங்கள் பத்திரிகை, ஏழாம் பக்கம்: 'வெயிலின் கடுமையால் மூதாட்டி ஒருவர் மயங்கி விழுந்தார்.'

தனம் இரண்டு தடவை படித்தாள். "யாரு மூதாட்டி?"

வயது 61. வெயிலும் அல்ல. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. புது நிருபருக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். நேற்று என் தோளை இழுத்தவர்களுக்குக் குறுக்கே நின்றவர் அவர். வைத்துவிட்டேன்.

நேற்றைய உடைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். துவைக்க எடுத்தபோது மஞ்சள் புடவையின் முந்தியில் ஒரு முடிச்சு. பாலிலும் வியர்வையிலும் நனைந்து இறுகியிருந்தது. பல்லால் அவிழ்த்தேன். உள்ளே வெள்ளைக் கூழ். அதில் கரையாமல் பாதி பாதியாக இரண்டு மாத்திரை.

அவள் முன்னால் வைத்தேன்.

"பன்னெண்டாவது வருஷங்க. பால் ஊத்துற வரைக்கும் வாயில ஒண்ணும் படாதுன்னு நேர்ந்தது. பதினோரு வருஷம் அப்படியே செஞ்சேன். கடைசி வருஷம் பாதியாவா கொடுக்கறது?"

"மருந்து சேராதுன்னு குருக்கள் சொன்னாரே."

"அவருக்குச் சேராது. நேர்ந்தது நான்."

"செத்திருப்ப தனம்."

"ஊசி இருந்துச்சே. அது வாய் வழியா போகாதே."

"நான் போடலைன்னா? பிப்ரவரியில போடல."

"அப்ப நீங்க கோழிக்குப் போட்டுப் பழகல."

எழுந்து வெளியே போய்விட்டேன். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றேன். எவ்வளவு கோபம் என்று அளவு சொல்ல முடியவில்லை. என்னிடம் பொய் சொன்னதற்கு. அந்த வட்டத்தைப் போட்டுவிட்டு மாத்திரையை முடிந்துகொண்டதற்கு. தான் விழுந்தால் பிடிப்பதற்கு, தினமும் வானிலையை எழுதிவைக்கும் ஒரு கிழவனை நம்பியதற்கு. மகளிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்? யாரும் இல்லாத படிக்கட்டில் சத்தமாகவே கேட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்திருந்தாள். தோள் குலுங்கியது.

"பயந்துட்டேன்" என்றாள். "தூணுகிட்ட சாஞ்சப்பதான் பயந்தேன். அதுவரைக்கும் பயமே இல்ல. போட்டேன்னு ஏன் சொன்னேன்னு தெரியல. காலையில சொன்னதே வாயில வந்துடுச்சோ என்னமோ."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். காலைத் தடவினேன். ஊசி இடம் வலிக்கிறதா என்றேன்.

"லேசா. வட்டம் போட்டுக் கொடுத்தும் வெளியில குத்தியிருக்கீங்க."

டாக்டரிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவர் தனத்தைத் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்டி, ஊசி வந்து மாத்திரைக்குப் பதில் இல்ல. வீட்ல தீ பிடிச்சா அணைக்கிற தண்ணி. தண்ணி இருக்குன்னு தீ வைக்கக்கூடாது" என்றார். தனம் தலையாட்டினாள். இந்தத் தடவை உடனே ஆட்டவில்லை. யோசித்துவிட்டு ஆட்டினாள். அதனால் நம்புகிறேன்.

இரவு 8 மணி, காதர் பாய் நோன்பு திறந்த கையோடு வந்தார், மனைவி செய்த கஞ்சியோடு. நடந்ததைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி, நான் எனக்குச் சொன்னதம்மா அது. நானும் மாத்திரையை நிறுத்தலையே. டாக்டர்கிட்ட கேட்டுல்ல மாத்தினேன்." மூன்று தடவை சொன்னார். கண் கலங்கிவிட்டது.

தனம்: "விடுங்க பாய். உங்க கோழியாலதான் உயிரோட இருக்கேன்."


மார்ச் 28, வியாழன்

நேற்று மதியம் வீடு. இரவு மழை, நல்ல மழை. பால்குடம் கழுவிப் பரண்மேல் வைத்தாகிவிட்டது. குடை கிடைக்கவில்லை. பெட்டியில் செலவானதை வாங்க வேண்டும்: குப்பி 1, தண்ணீர் 1, ஊசி 1.

தொடையில் வட்டம் மங்கிவிட்டது. திரும்ப வரையட்டுமா என்றேன். வேண்டாமாம். பார்க்காமலே ஒரு விரற்கடை தூரத்துக்கு வந்துவிட்டேனாம், அது போதுமாம்.

கா. 5.30. நான் கேட்கவில்லை. அவளே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். விளக்கைப் போடச் சொன்னாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். வாயில் போட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்தாள். பிறகு வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

"பாத்துட்டீங்களா? எழுதிக்குங்க."

கா. 5.32. விழுங்கினாள். நேரில் பார்த்தேன்.